மடங்காத விரல்

கார் கதவில் நசுங்கிய பிறகு தயாளனின் இடது கை மோதிர விரல் மடங்கவே இல்லை. அந்த விரல் தொட வேண்டிய சுரங்களையெல்லாம் விட்டுவிட்டுத்தான் மாண்டலின் வாசித்தான். விரல் நசுங்கும்வரை அவன் வாசித்ததை யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. சனிக்கிழமைகளில் எட்வின் வீட்டில் வட்டமாக உட்கார்ந்து புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையை வாசிக்கிறவர்கள், இப்போது அவன் முறை வந்ததும் தங்கள் வாத்தியங்களைத் தணித்துக்கொண்டு அந்த இடைவெளிகளுக்காகக் காத்திருந்தார்கள். "இதுதாண்டா உன் ஸ்டைல். எவனாலயும் காப்பி அடிக்க முடியாது" என்றான் பான்ஜோ வாசிக்கும் எட்வின்.

அறுவை சிகிச்சையில் விரல் சரியாகிவிட்டது. இன்று ஒரு சுரம் விடாமல் வாசித்தான். பாட்டு முடிவதற்குள் இரண்டு பேர் டீ போட எழுந்து போனார்கள். "சுத்தமா இருக்கு" என்றான் எட்வின், அவன் முகத்தைப் பார்க்காமல்.

வழியனுப்ப எட்வின் வாசல்வரை வந்தான். வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்த தயாளன், கதவு வந்து பொருந்தும் இடத்தில் இடது கையை வைத்தான். எடுக்கவில்லை. கதவைப் பிடித்திருந்த எட்வின் அந்தக் கையையே சற்று நேரம் பார்த்தான். பிறகு குனிந்து, மோதிர விரலை மட்டும் விட்டு, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக நோகாமல் மடக்கிவிட்டான்.