மூன்றடிக்குக் கீழே அம்மன் காசு

நான்கு பேர் தங்கள் நிலத்தை விட்டு விரட்டிய பிறகு, ஐந்தாவதாக மூக்கையாதான் கவியரசனை உட்காரச் சொன்னார்.

"பொதையல் எடுக்கவா தம்பி?"

"இல்லீங்க. மண்ணுக்குள்ள உலோகம் இருந்தா இந்த மெஷின் சத்தம் போடும். ராஜா காலத்து அம்மன் காசு ஒண்ணு கெடச்சாப் போதும்."

இந்த மாதமும் வெறுங்கையோடு போனால் மெஷினை விற்றுவிடுவதாக மனைவி வனிதாவிடம் சத்தியம் செய்திருந்தான்.

"இன்னைக்கு அஷ்டமி. ஞாயித்துக்கெழம வாங்க. சத்தம் கேட்ட எடத்துலயெல்லாம் மூணடி தோண்டணும். மேல ஆணி கெடந்தா அடியில காசு கெடக்கும்னு எங்க அய்யா சொல்லுவாரு. குழிய மூட வேணாம், காத்தாடட்டும்" என்றார் மூக்கையா.

வரலாற்றில் முதுகலை படித்த கவியரசனுக்கு இது நியாயமாகவே பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் பதினெட்டு இடங்களில் கத்தியது. பதினெட்டிலும் மூன்றடி தோண்டினான். துருப்பிடித்த ஆணிகள் பதினெட்டும், உள்ளங்கையில் கொப்புளங்கள் ஆறும் கிடைத்தன.

"மனச விட்றாதீங்க தம்பி. கெழக்க இன்னும் ஒரு ஏக்கர் கெடக்கு. போன் பண்றேன், அப்ப வாங்க" என்றார் மூக்கையா.

போன் வரும்வரை அவனுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு விடிந்ததும் போய் நின்றான்.

போன வாரத்துக் குழி ஒவ்வொன்றிலும் ஒரு தென்னங்கன்று நின்றது, நூல் பிடித்தாற்போல் வரிசையாக. தோண்டும்போது அந்த வரிசை அவன் கண்ணில் படவில்லை.

மூக்கையாவின் மனைவி செவந்தி பதறிக்கொண்டு வந்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களே தம்பி! அவரு கறம்பக்குடிக்கு, பழைய இரும்புக் கடைக்குல்ல போயிருக்காரு. உக்காருங்க, மோர் தாரேன். அவரு வந்து ஆணியப் பொதச்சதும் ஆரம்பிக்கலாம்."