ஆறு பூச்சு

சிம்மக்கல் பெயின்ட் கடையில் கலர் கலக்குவது என் வேலை. வெள்ளை பேஸ் டப்பாவுக்குள் மிஷின் சொட்டுச் சொட்டாக நிறத்தை விடும். மூடிக் குலுக்கினால் கேட்ட கலர் வந்துவிடும்.

நாகஜோதிக்கு எட்டாம் மாதம். சமயநல்லூரிலிருந்து கணவன் சூரியபிரகாஷோடு வந்தவள், பிள்ளை ரூமுக்கென்று கலர் அட்டையில் ஓர் இளமஞ்சளைக் காட்டினாள். அந்த ரூம் சுவரில் பெயர்ந்த ஒரு சில்லையும் கொண்டுவந்திருந்தாள். சில்லின் ஓரத்தை லென்ஸில் பார்த்தால் எத்தனை முறை பூசியிருக்கிறார்கள் என்று எண்ணிவிடலாம்.

ஆறு இருந்தது. அடியில் மஞ்சள், அதன்மேல் வெள்ளை. மறுபடி மஞ்சள், மறுபடி வெள்ளை. இன்னொரு தடவையும் அப்படியே.

“பழைய வீடா மாப்ள?”

“புது வீடுண்ணே. போன தையிலதான் பால் காய்ச்சுனோம். ஒரு கோட்டு வெள்ளைதான் அடிச்சிருக்கு.”

அடியிலிருந்த மஞ்சளைச் சுரண்டி, கலரைப் படித்து நம்பர் சொல்லும் மிஷினிடம் காட்டினேன். அட்டையில் அவள் தேர்ந்தெடுத்த அதே நம்பரைச் சொன்னது.

நாகஜோதி வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். “இதுதாண்ணே எங்களுக்கு மொதப் புள்ள. புள்ள ரூம்ல மஞ்சளுக்கு மேல எதுக்குண்ணே வெள்ளை அடிக்கணும்?”

சூரியபிரகாஷ் என்னைப் பார்த்தான். நான் மிஷினைப் பார்த்தேன்.

“மஞ்சளையே கலக்குங்க,” என்றாள். “ஆனா இவரு மட்டும் தனியா வந்து வெள்ளை கேட்டா, குடுத்துராதீங்கண்ணே.”

சரியென்று தலையாட்டினேன். வெள்ளைக்குக் கலவை தேவையில்லை. யார் கேட்டாலும் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடலாம்.