சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே

பாலத்தடியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னும் இருபது நிமிடம்.

அதற்கு முன்னால் போய் நின்றால் மாட்டிக்கொள்வான். சாத்தூரிலிருந்து கோவில்பட்டிக்கு, இந்த எதிர்காற்றில், முக்கால் மணி நேரத்தில் யாராலும் சைக்கிள் மிதித்து வந்துவிட முடியாது.

அவனாலும் முடியவில்லை.

தாம்பரத்தில் கிளம்பி இது ஆறாவது நாள். கன்னியாகுமரி வரை சைக்கிள்தான் என்று அலுவலகம் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. துணைக்குக் காரில் மனைவி செண்பகம், மகள் மகிழினி. பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை கார் முந்திப்போய் நிற்கும். மகள் தண்ணீர் பாட்டிலோடு சாலையோரம் நிற்பாள். அவன் தலை தெரிந்ததும் கைதட்டுவாள். ஒருநாள்கூட அவள் உட்கார்ந்து காத்திருந்து அவன் பார்த்ததில்லை.

அட்டையில் ஒட்டிய வரைபடம் ஒன்று வைத்திருக்கிறாள். அப்பா மிதித்த தூரத்துக்கெல்லாம் பச்சை ஸ்கெட்ச் பேனா.

இன்று சாத்தூரில் அவனாகத்தான் சொன்னான். நீங்கள் முன்னால் போய்க் கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கி வையுங்கள், நான் மெதுவாக வந்து சேர்கிறேன் என்று.

கார் கண்ணுக்கு மறைந்ததும், வெங்காய மூட்டை ஏற்றிவந்த மினி லாரிக்குக் கை காட்டினான்.

டிரைவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முழங்கால் வலி என்று சொல்லியிருப்பான். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. மனசுதான் விட்டுப்போயிருந்தது.

மூட்டைகளுக்கு நடுவே, சைக்கிளோடு, தலையைக் குனிந்து ஒளிந்துகொண்டு ஊருக்கு முன்னாலிருக்கும் இந்தப் பாலம் வரை வந்தான். நாற்பத்திரண்டு வயதில்.

நேரம் ஆயிற்று.

பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைத் தலையிலும் சட்டையிலும் ஊற்றிக்கொண்டான். வியர்வை மாதிரி இருக்கும். இப்படியெல்லாம் யோசிக்கத் தெரிகிறதே என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

ஊர் எல்லையில் கார் நின்றது. மகள் நின்றுகொண்டிருந்தாள்.

கைதட்டினாள்.

பொட்டலத்தைப் பிரித்து, உடையாத பெரிய துண்டாகத் தேடி எடுத்து நீட்டினாள். எதிர்காற்றில் வருகிறவருக்கென்று எடுத்து வைத்ததாம். அவளும் அம்மாவும் உடைந்த துண்டுகளையே தின்றார்களாம்.

வாயில் போட்டுக்கொண்டான். சத்தம் வரக் கடிக்கக்கூட வெட்கமாக இருந்தது.

அவள் கார் முகப்பின் மேல் அட்டையை வைத்தாள். சாத்தூரில் பேனாவை ஊன்றினாள். நாக்கைத் துருத்திக்கொண்டு, கோடு கோணாமல், மெதுவாக இழுத்துவந்தாள்.

வேண்டாம் என்று சொல்ல நேரம் இருந்தது. கோவில்பட்டியைத் தொடும் வரைக்கும் இருந்தது.

தொட்டுவிட்டது.

செண்பகம் துண்டோடு வந்து அவன் கழுத்தைத் துடைத்தாள். கை சட்டென்று நின்றது. காலருக்கு அடியிலிருந்து எதையோ எடுத்தாள்.

காய்ந்த வெங்காயத் தோல்.

அந்த லாரி இவர்களைத் தாண்டித்தான் ஊருக்குள் போயிருக்க வேண்டும். அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவள் தோலைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை. மகள் திரும்புவதற்குள் அதைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

திட்டியிருக்கலாம். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

டிக்கியைத் திறந்து, பைகளை ஒதுக்கி, சைக்கிள் வைக்க இடம் பண்ணினாள்.

“சாத்தூர்ல கொண்டுபோய் விடறேன்” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

மகள் பேனாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள். அது அவன் காலடியில் கிடந்தது. எடுத்தான்.

ஹெல்மெட்டைக் கழற்றினான். அவள் முன்னால், தார் ரோட்டின் ஓரத்தில், முட்டி போட்டு உட்கார்ந்தான்.

முழங்கால் வலிக்கவே இல்லை.