பின்பக்கச் சுவர்

"இந்தக் காலத்துல உழைக்கிறவனை எவன் மதிக்கிறான்? உக்காந்து விளையாடுறவனுக்குத்தான் மாலையும் மரியாதையும்."

பெயிண்டர் இதைச் சொன்னது மனைவியிடம். ஆனால் மச்சினன் காதில் விழட்டும் என்றுதான் அந்த மச்சினனின் தோட்டத்திலேயே நின்றுகொண்டு உரக்கச் சொன்னார். மச்சினனோ தலையைத் தூக்கவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து, முழங்கால் உயர ரயில்வே ஸ்டேஷன் ஒன்றுக்குக் கூரை ஓடு ஒட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஓடும் விரல் நகம் அளவு.

ஆயுள் முழுக்க ஆபீஸில் கணக்கு எழுதிய மனிதர். ஓய்வு பெற்றதும் செடிகளுக்கு நடுவே தண்டவாளம் போட்டு, குட்டி ரயில் விட ஆரம்பித்தார். அது போதாதென்று இப்போது ஸ்டேஷன். நனைந்தாலும் கெடாத அட்டையில் பேனா முனையால் கீறிக் கீறிச் செங்கல் சுவர். மெல்லிய பலகையில் கதவு. பிளாட்பாரத்து பெஞ்சில் குடையோடு ஒரு பொம்மை மனுஷி, வராத ரயிலுக்குக் காத்திருந்தாள்.

"பாத்தீங்களா, கடிகாரத்துக்கு முள்ளுகூட வச்சிருக்கான்," என்றாள் மனைவி. "என் தம்பி கை வச்சா எதுவும் உயிரோட எழுந்து நிக்கும்."

பெயிண்டருக்கு வயிறு எரிந்தது. அந்தத் தெருவில் பாதிச் சுவர் அவர் அடித்த நிறத்தில்தான் நிற்கிறது. சொந்த வீட்டுக்கும் எத்தனையோ முறை அடித்துவிட்டார். ஒருநாளாவது அண்ணாந்து பார்த்து, நல்லாயிருக்கு என்று சொன்னவளா அவள்? தரையில் சொட்டியதைத் துடைக்கச் சொன்னதோடு சரி. கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டுத்தான். தம்பி கையெழுத்து முத்து, தம்பி மடித்த சட்டை கலையாது, தம்பி நறுக்கினால் வெங்காயம்கூட ஒரே அளவு. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அந்த முகத்தோடு தன் வேலையை அவள் ஒரே ஒரு முறை பார்க்க வேண்டும். மனுஷர் வேறு எதற்கும் ஆசைப்படவில்லை.

ஸ்டேஷன் சுவரில் பூசிய பட்டி சரியில்லை என்று ஆரம்பித்தார். இன்னொரு கோட் பெயிண்ட் வேண்டும், கதவு கோணல், ஜன்னல் நிறம் கண்ணைக் குத்துகிறது என்று சுற்றிச் சுற்றி வந்து குறை சொன்னார். எல்லாவற்றுக்கும் மச்சினன், "சரிதான் அத்தான்" என்றார். சண்டைக்கே வராதவனிடம் எப்படிச் சண்டை போடுவது? அதுவே பெரிய ஆத்திரமாக இருந்தது.

தோட்டத்தில் ரயில் விடுகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீடு வீடாகப் போய், யாருடைய ஸ்டேஷன் சிறந்தது என்று சொல்லப் போகிறார்களாம். அக்காவும் அத்தானும் கட்டாயம் வர வேண்டும் என்றார் மச்சினன். தனக்கு வேலை இருக்கிறது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார் பெயிண்டர்.

ஆனால் ஞாயிறு காலை மனைவி எழுவதற்குள் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அவள் வாயைப் பிளந்தாள். சொந்தம் விட்டுப் போகுமா என்று அவளுக்கே பாடம் சொன்னார்.

சங்கத்துக்காரர்கள் ஐந்தாறு பேர் வந்தார்கள். தலைவர் ஒரு ஓய்வு பெற்ற இன்ஜின் டிரைவர். ஸ்டேஷனின் முன்பக்கத்தைப் பார்த்து, நல்லாயிருக்கு என்று தலையாட்டினார். எல்லா வீட்டிலும் இதையே சொல்லிவிட்டு வருகிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. பெயிண்டருக்கு மனசு குளிர்ந்தது.

பிறகு டிரைவர் பின்பக்கம் போனார். போனவர் திரும்பவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய் அங்கேயே குந்திவிட்டார்கள். பெயிண்டர் வேலியோரம் நின்று சிரிப்புச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

"இதுதாங்க ஸ்டேஷன்," என்றார் டிரைவர். "மத்ததெல்லாம் நேத்து கடையில வாங்கின மாதிரி பளபளன்னு நிக்குது. இது மழையில நனைஞ்சிருக்கு, புகை குடிச்சிருக்கு. ஓட்டு இடுக்குல அழுக்கு இறங்கி, சுவர்ல கோடு கோடா வழிஞ்சு... நான் வண்டி நிறுத்தின ஸ்டேஷனெல்லாம் இப்படித்தான் இருந்துச்சு. இந்தப் பழசை வரவைக்கிறது லேசில்ல. எப்படிங்க செஞ்சீங்க?"

மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் அந்த வெளிச்சம் வந்தது. பெயிண்டருக்கு வாய் கசந்தது.

"நான் செய்யலீங்க," என்றார் மச்சினன். "அது எங்க அத்தான் கை வேலை."

எல்லோரும் திரும்பினார்கள். மனைவியும் திரும்பினாள்.

"நீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே," என்றாள். முகத்து வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை. பெயிண்டர் அதைப் பார்க்கவே இல்லை. மச்சினன் முகத்தில் நக்கல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

மச்சினன் நெருங்கி வந்து காதோடு சொன்னார்: "நேத்து நான் வீட்டுக்குள்ளதான் இருந்தேன் அத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு, பிரஷ் கழுவின அழுக்குத் தண்ணி வாளியைக் கூரை மேல கவுத்துட்டு ஓடினீங்களே, ஜன்னல் வழியாப் பாத்தேன். முதல்ல அழுகையே வந்துடுச்சு. காய்ஞ்சப்புறம்தான் புரிஞ்சுது. முன்பக்கத்துக்கும் அதே மாதிரி ஒரு வாளி ஊத்திக் குடுங்களேன்."

"ஆளைக் கூட்டி வச்சு என்னை மாட்டிவிடப் பாக்குறியா?" என்று முணுமுணுத்த பெயிண்டர், டிரைவர் நீட்டிய கையைக்கூடப் பிடிக்காமல் விறுவிறுவென்று கேட்டைத் தாண்டி நடந்தார்.