கீழ வந்து பாருங்களேன்

“பிரின்ட் வந்துச்சா?”

“வரலையே. கீழ வந்து பாருங்களேன்.”

ஒரு வாரமாகப் போனில் இதே பேச்சுதான். மொபைல் செயலியில் அச்சிடும் வசதியை எழுதியவன் அவன். மாடியில் உட்கார்ந்து அதைச் சோதிப்பவள் அவள். பிரின்டர் இருப்பதோ அவன் மேசையருகே.

இன்றோடு சோதனை முடிகிறது. நாளை முதல் அவளுக்கு வேறு அலுவலகம்.

இறங்கி வந்தவள், நேராக அவன் இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே கத்தையாக அச்சான தாள்கள்.

அவன் திருதிருவென விழித்தான். “எப்படித் தெரியும்?”

“ஒவ்வொரு தடவையும் ‘அச்சாகிவிட்டது’ன்னு என் போன்ல செய்தி வருதே. அதை எழுதினதே நீங்கதான், மக்கு சார்.”

“அப்புறம் ஏன் தினமும் இறங்கி வந்தீங்க?”

“கேப்பீங்கன்னுதான். என் கால் தேஞ்சதுதான் மிச்சம்.”

அவன் சட்டென எழுந்து நின்றான்.

“என்னைக் கட்டிக்கிறீங்களா?”