மூன்றாவது பாலம்

டிவிக்குப் பக்கத்து அலமாரியில் மூன்று வீடியோ கேம் பெட்டிகள் குடியிருந்தன. மூத்தது, கேசட்டை ஊதிச் செருகினால்தான் கண் விழிக்கும். இரண்டாவது, டிஸ்க் சுழற்றும். நேற்று வந்த கறுப்புப் பெட்டிக்கு இரண்டுமே வேண்டாம்.

கறுப்புப் பெட்டி திரையில் மழை பெய்வித்தபோது மூத்தது வியந்தது. "அம்மாடி, ஒவ்வொரு துளியும் தனித்தனியா விழுதே!"

"எனக்கே அது வராதுண்ணே," என்றது இரண்டாவது.

அப்போது வீட்டுக்காரி சுகந்தி ஏதோ பொத்தானை அழுத்த, மூத்ததன் பழைய ஆட்டுக்குட்டி ஆட்டம் கறுப்புப் பெட்டிக்குள்ளிருந்து ஓடத் தொடங்கியது.

அந்த ஆட்டத்தின் மூன்றாவது பாலத்தில் பத்து ஓநாய்கள் சேர்ந்து வந்தால் மூத்ததற்கு மூச்சு வாங்கும், படம் திக்கித் திணறும். வெட்கத்தில் அந்த இடத்தில் எப்போதும் கண்ணை மூடிக்கொள்ளும். இந்தப் பலசாலி ஒரே ஓட்டமாக ஓடிக் காட்டினால் மானம் போய்விடுமே!

பாலம் வந்தது, ஓநாய்கள் வந்தன. கறுப்புப் பெட்டியும் திக்கித் திணறியது.

"உனக்குமா முடியல, தம்பி?"

"முடியும்ணே. நீங்க எங்கெங்க எவ்வளவு திணறுவீங்கன்னு அளந்து அளந்து, அப்படியே திணற எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க, என்னைச் செஞ்சவங்க. மழைகூட இவ்வளவு கஷ்டமில்ல."

படம் மெதுவான அந்த நொடிக்காகவே காத்திருந்த சுகந்தி, பத்து ஓநாய்களுக்கும் மேலாகக் குட்டியைத் தாவவிட்டாள்.

தனக்கு மூச்சு வாங்கிய இடத்தில்தான் இத்தனை வருஷமும் குட்டி உயிர் பிழைத்தது என்பதை, மூத்தது அன்றுதான் கண் திறந்து பார்த்தது.