கேட்காமல் வந்த கால்கள்

தோள்பட்டையில் கிழிந்த தசைநாரைத் தைக்கத்தான் பூரணி கோயம்புத்தூர் மருத்துவமனையில் சேர்ந்தாள். மயக்கம் தெளிந்தபோது, சிறுவயது விபத்திலிருந்து மரத்துக் கிடந்த கால்களில் போர்வை உரசுவது தெரிந்தது.

"ஏனுங்க, என் கால்ல என்னமோ ஊருது!" என்று பதறினாள்.

கணவன் சபரிநாதனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தோளோட சேர்த்து, அறுந்துபோன முதுகுத்தண்டு நரம்பையும் புதுசா வளர்த்துட்டாங்க. மயக்கத்துலயே முடிச்சிரலாம்னு டாக்டர் சொன்னாரு, நான்தான் சரின்னேன். இனி நீ நடப்பே பூரணி!"

"கால் வேணும்னு உங்ககிட்ட நான் எப்பவாச்சும் கேட்டனா?"

"உன் நல்லதுக்குத்தான..."

மார்கழியில் மாற்றுத்திறனாளிகளுக்கான உலக ஐஸ் ஹாக்கிப் போட்டி. சறுக்கு வண்டியில் உட்கார்ந்து, இரு கைகளிலும் மட்டையோடு பனியில் பாயும் இந்திய அணிக்கு அவள்தான் கேப்டன். கால் உயிர்பெற்றவர்களுக்கு அங்கே இடமில்லை. அது அவனுக்கும் தெரியும். அவளுடைய ஒவ்வோர் ஆட்டத்திலும் முன்வரிசையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியவன் அவன்.

மறுவாரம் போட்டிக் குழுவின் மருத்துவர் சோதிக்க வந்தார். அவள் உள்ளங்காலில் ஊசியால் குத்தி, "வலிக்குதாம்மா?" என்றார்.

வலி சுருக்கென்று தொடைவரை ஏறியது. பூரணி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணுமே தெரியலைங்க" என்றாள்.

ஆனால் கால் தானாகவே வெடுக்கென்று ஊசியை விட்டு விலகியது. மருத்துவர் தலை குனிந்துகொண்டார். பின்னால் நின்ற சபரிநாதன் சந்தோஷம் தாங்காமல் கைதட்டினான்.